இளைத்த நாய்க்கு என்ன போடுவது?

வாசகர் கேள்விகளுக்கு ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவரின் பதில்கள்

சம்பா அறுவடை முடிந்து களத்தில் வைக்கோல் போர் ஏறிவிட்டால், டெல்டாக்காரர்களுக்கு மாடு, ஆடு, நாய் எல்லாம் ஒழுங்காகக் கண்ணில் படத் தொடங்கும். இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி நாயைப் பற்றியவை. எல்லாவற்றிலும் ஒரே கேள்வி: "நாய் இளைத்திருக்கிறது, என்ன போட்டால் தேறும்?" ஏன் இளைத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆகவே, கேட்காத கேள்விக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

எங்கள் வயலை ஒட்டிய மோட்டார் கொட்டகையில் ஒரு நாட்டு நாய் முடங்கிக் கிடந்தது. யாரோ கொண்டுவந்து விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். எத்தனை நாள் சாப்பிடவில்லையோ, எலும்பும் தோலுமாக இருக்கிறது. வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டோம். உரக்கடைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன், 11 கிலோ. பாலும் நெய்ச்சோறும் முட்டையுமாகக் கொடுத்தால் ஒரு வாரத்தில் தேற்றிவிடலாம் என்கிறார் என் மாமியார். செய்யலாமா டாக்டர்?
— வாசகி, வலங்கைமான்

ஒரு வாரத்தில் தேற்றப் பார்த்தால் ஒரு வாரத்தில் குழி தோண்ட வேண்டி வரலாம், அம்மா. உங்கள் மாமியாருக்குப் பெரிய மனசு. அந்த மனசைக் கொஞ்ச நாள் கட்டி வைக்கச் சொல்லுங்கள்.

பட்டினி கிடக்கும் உடம்பு தன் கொழுப்பையும் தசையையும் எரித்தே உயிரைப் பிடித்து வைத்திருக்கும். அந்த நிலையில் ஒரு தட்டுச் சோறு திடீரென்று உள்ளே போனால் இன்சுலின் பெருகும். அது சர்க்கரையை மட்டும் செல்லுக்குள் தள்ளாது. இரத்தத்தில் மிச்சம் மீதி இருக்கும் பாஸ்பரஸ், பொட்டாசியம், மெக்னீசியம் ஆகியவற்றையும் கூடவே உள்ளே இழுத்துவிடும். இரத்தத்தில் அவற்றின் அளவு சரிந்தால் சிவப்பணுக்கள் உடையும், இதயத் துடிப்பு தாறுமாறாகும், வலிப்பு வரும். சாப்பாடு கிடைக்கத் தொடங்கிய முதல் சில நாட்களில்தான் இந்த ஆபத்து. இரண்டாம் உலகப் போர் முடிவில் முகாம்களிலிருந்து மீட்கப்பட்ட பட்டினிக் கைதிகள், வயிறாரச் சாப்பாடு கிடைத்த பிறகு இறந்ததைப் பார்த்துத்தான் மருத்துவ உலகம் இதில் கவனம் செலுத்தியது. நாய்க்கும் இதே கதைதான். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து ஓய்ந்த வாரத்தில், வேதாரண்யம் பக்கம் விழுந்து கிடந்த தென்னைகளுக்கு நடுவே திரிந்த நாய்களுக்கு நல்ல உள்ளங்கள் பாக்கெட் பாக்கெட்டாகக் குளுக்கோஸ் பிஸ்கட்டைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பார்த்துவிட்டுச் சத்தம் போட்டேன். என்னைக் கல்நெஞ்சக்காரன் என்று நினைத்திருப்பார்கள்.

முதல் வேலை, நாயைக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோவது. போவதற்கு முன் நீங்களே ஒன்று பாருங்கள். மேலுதட்டைத் தூக்கி ஈற்றை விரலால் அழுத்தி விடுங்கள். அழுத்திய இடம் வெளுத்து, இரண்டு நொடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். ஈறு முழுக்கவே காகிதம்போல வெளுத்திருந்தால் இரத்தம் குறைந்திருக்கிறது என்று பொருள். நாட்டு நாய்கள் பலவற்றுக்கு ஈறு கறுப்பாக இருக்கும். அப்படியானால் கீழ் இமையை மெல்ல இழுத்து உள்பக்கத்தைப் பாருங்கள். பிறகு பிடரித் தோலைக் கிள்ளித் தூக்கி விடுங்கள். அது உடனே படியாமல் கூடாரம்போல நின்றால் உடம்பில் நீர் வற்றியிருக்கிறது. நாயால் எழுந்து நிற்கவே முடியவில்லை என்றால், வீட்டில் ஒரு வாய்கூட ஊட்டாமல் நேரே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். அங்கே உணவு தொடங்கும் முன் பி1 வைட்டமின் ஊசி போடுவார்கள். அதைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். செலவு பெரிதில்லை, காரியம் பெரிது.

நிற்கிறது, நடக்கிறது, தண்ணீர் குடிக்கிறது என்றால் தீனிக் கணக்குக்கு வரலாம். எடையை 30 ஆல் பெருக்கி 70ஐக் கூட்டுங்கள். அந்த நாய் சும்மா படுத்திருக்கவே ஒரு நாளைக்குத் தேவைப்படும் கலோரி அது. 11 கிலோவுக்கு 400 வருகிறது. முதல் இரண்டு நாள் அதில் மூன்றில் ஒரு பங்குதான், ஏறக்குறைய 130 கலோரி. ஒரு வேகவைத்த முட்டையும், எலும்பில்லாமல் வேகவைத்த கோழிக்கறி 40 கிராமும் சேர்ந்தால் அவ்வளவுதான் ஆகும். பார்க்கப் பாவமாக இருக்கும். அதையும் ஒரே தடவையில் வைக்காமல் நான்கைந்து வேளையாகப் பிரித்து வையுங்கள். நாய் தட்டை நக்கிவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கும். நீங்கள் வேறு பக்கம் பாருங்கள். இந்த நாட்களில் சோற்றைச் சேர்க்காததற்குக் காரணம், மேலே சொன்ன இன்சுலின் கதைதான். மாவுச்சத்து கூடக் கூட அந்த ஆபத்தும் கூடும்.

மூன்றாம் நாள் பாதி, ஐந்தாம் நாள் முக்கால், ஏழாம் நாள் வாக்கில் முழு 400. இடையில் வாந்தி, பேதி, தள்ளாட்டம், மூச்சிரைப்பு எது வந்தாலும் ஏற்றுவதை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். மலம் கையில் எடுக்கும் பதத்தில் கெட்டியாக இருந்தால்தான் அடுத்த படி ஏறலாம்.

பத்துப் பன்னிரண்டு நாள் கடந்து நாய் சுறுசுறுப்பானதும், இன்றைய எடையை விட்டுவிட்டு, இருக்க வேண்டிய எடைக்குக் கணக்குப் போடுங்கள். உங்கள் நாயின் சட்டத்துக்கு 17 கிலோ இருக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். 17ஐ 30 ஆல் பெருக்கி 70 கூட்டினால் 580. எழுந்து நடமாடவும் சதை பிடிக்கவும் அதைப்போல் ஒன்றரை மடங்குக்குச் சற்றுக் குறைவாக, 800 கலோரி. இதற்கும் ஒரேயடியாகத் தாவாமல், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கு கூட்டிக்கொண்டே போங்கள்.

800 கலோரி என்றால் சமையலறை மொழியில் இப்படி: வடித்த சோறு 250 கிராம், எலும்பில்லாத வேகவைத்த கோழி 150 கிராம், முட்டை இரண்டு, எண்ணெய் ஒரு தேக்கரண்டி, கொஞ்சம் வெந்த பூசணி. ரேஷன் புழுங்கலரிசி தாராளமாகப் போதும், குழைய வடித்துவிடுங்கள். உப்பு, மிளகாய், வெங்காயம் எதுவும் வேண்டாம். கோழி கட்டுப்படியாகவில்லை என்றால் வாரத்தில் சில நாள் மீன் போடலாம். கெண்டையோ மத்தியோ எதுவானாலும் வேகவைத்து, முள்ளைக் கையால் தடவித் தடவி எடுத்துவிட வேண்டும். வாய்க்காலில் பிடித்த கெண்டையைப் பச்சையாகப் போடும் பழக்கம் நம்மூரில் உண்டு. பச்சைக் கெண்டையில் பி1 வைட்டமினை அழிக்கும் ஒரு நொதி இருக்கிறது, வெந்தால் போய்விடும். கறிக்கடையில் சுவரொட்டியும் ஈரலும் மலிவாகக் கிடைத்தால் வாங்குங்கள், ஆனால் ஈரலைத் தொட்டுக்கொள்ளும் அளவுக்கு மட்டும். தினமும் ஈரல் போட்டால் வைட்டமின் ஏ மிகுந்து எலும்பைக் கெடுக்கும்.

சோறும் கறியும் எவ்வளவு போட்டாலும் சுண்ணாம்புச்சத்து கிடைக்காது. முட்டை ஓட்டைக் கழுவி, வாணலியில் வறுத்து, மிக்ஸியில் மாவாக அரைத்து வைத்துக்கொள்ளுங்கள். 17 கிலோ நாய்க்கு நாளைக்கு அரைத் தேக்கரண்டி போதும். அதில் ஏறக்குறைய 1 கிராம் கால்சியம் இருக்கும். பல மாதம் வீட்டுச் சாப்பாடுதான் என்றால் துத்தநாகம், அயோடின் போன்றவற்றுக்காக ஒரு கலவையையும் டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பாலை நிறுத்துங்கள். வளர்ந்த நாய்களில் பலவற்றுக்குப் பாலிலுள்ள சர்க்கரை செரிக்காது, பேதியாகும். தயிர் இரண்டு கரண்டி விடலாம். நெய்யைப் பற்றிக் கீழே வேறொருவரிடம் கோபித்துக்கொள்கிறேன், அங்கே படித்துக்கொள்ளுங்கள்.

வாரம் ஒருமுறை அதே உரக்கடைத் தராசு, அதே காலை நேரம், வெறும் வயிறு. வாரத்துக்குக் கால் கிலோவிலிருந்து அரைக் கிலோ ஏறினால் நன்றாகப் போகிறது. 17ஐத் தொட மூன்றிலிருந்து ஆறு மாதம் ஆகும், ஆகட்டும்.

இவ்வளவும் செய்து, முதல் வாரத்திலேயே மலப் பரிசோதனையும் இரத்தப் பரிசோதனையும் செய்யாமல் விட்டால், ஓட்டைக் குடத்தில் தண்ணீர் மொண்டு ஊற்றுகிற வேலை ஆகிவிடும். வயிற்றில் கொக்கிப்புழுவோ, இரத்தத்தில் உண்ணிக் காய்ச்சலோ இருந்தால் நீங்கள் ஊட்டுவதில் பாதி அதற்குத்தான் போகும்.

என்னிடம் ஒரு சிப்பிப்பாறை இருக்கிறது, இரண்டு வயது ஆண். நன்றாகச் சாப்பிடுகிறான், பம்புசெட்டிலிருந்து ரோடு வரை ஓடுகிறான். ஆனால் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் "ஏன் தம்பி, நாய்க்குச் சோறு போடுவதில்லையா?" என்று கேட்கிறார்கள். அசிங்கமாக இருக்கிறது. குண்டாக்க வழி சொல்லுங்கள்.
— வாசகர், பட்டுக்கோட்டை

சோறு போடுவதில்லையா என்று கேட்பவர்களுக்கு ஒரு வாய் காப்பி கொடுத்து அனுப்பிவிடுங்கள், தம்பி. நாயைக் குண்டாக்காதீர்கள். சிப்பிப்பாறையும் கன்னியும் முயலை விரட்டிப் பிடிக்க வளர்த்த சாதி. ஒடுங்கிய இடை, ஆழ்ந்த மார்பு, கடைசி இரண்டு மூன்று விலா எலும்பு கோடாகத் தெரிவது எல்லாம் அவற்றின் வாகு. லாப்ரடாரைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது பட்டினியாகத் தெரியும்.

கண்ணை நம்பாமல் கையை நம்புங்கள். விலாவின் மேல் விரல்களை அழுத்தாமல் ஓட்டுங்கள். பிறகு உங்கள் கையையே நீட்டி, விரல்களை மடக்காமல் புறங்கையைத் தடவிப் பாருங்கள்; அப்படித் தோன்றினால் சரியான உடம்பு. முட்டி பிடித்த விரல் கணுக்களைத் தடவுவதுபோல் எலும்பு எலும்பாகத் தட்டுப்பட்டால் இளைப்பு. உள்ளங்கைச் சதைபோல் அமுங்கினால் கொழுப்பு. சிப்பிப்பாறைக்கு இதில் கொஞ்சம் சலுகை கொடுக்கலாம், ஆனால் தொடையிலும் முதுகெலும்பின் இரு பக்கமும் சதை கெட்டியாக இருக்க வேண்டும். அங்கே பள்ளம் விழுந்து முதுகெலும்பு ரம்பம்போல் தெரிந்தால் மட்டும் எனக்கு மறுபடி எழுதுங்கள்.

ஜெர்மன் ஷெப்பர்ட் பெண், ஒன்றரை வயது. ஒரு நாளைக்கு நாங்கள் மூன்று பேர் சாப்பிடுவதைவிட அதிகம் சாப்பிடுகிறது. இன்னும் இன்னும் என்று பறக்கிறது, தன் மலத்தையே தின்கிறது. ஆனாலும் இளைத்துக்கொண்டே போகிறது. மலம் நிறைய, வெளிர் மஞ்சளாக, எண்ணெய்ப் பிசுக்கோடு, நாற்றம் தாங்க முடியவில்லை. புழு மருந்து இரண்டு முறை கொடுத்தாகிவிட்டது. வேறு என்ன தீனி கொடுக்கலாம்?
— வாசகி, கும்பகோணம்

தீனியை மாற்றி ஒன்றும் ஆகாது, அம்மா. நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்களைப் படித்ததும் எனக்குக் கணையத்தின் மேல்தான் சந்தேகம் விழுகிறது. சாப்பிட்டதைச் செரிக்க வைக்கும் நொதிகளைக் கணையம் சுரக்க வேண்டும். ஜெர்மன் ஷெப்பர்ட் சாதியில் இளம் வயதிலேயே அந்தச் சுரப்பு நின்றுபோகும் நோய் மற்ற சாதிகளைவிட அதிகம். வாய் வழியே போவதெல்லாம் செரிக்காமல் அப்படியே பின்னால் வந்துவிடுவதால்தான் அவ்வளவு மலம், அவ்வளவு பசி.

டி.எல்.ஐ. என்று ஓர் இரத்தப் பரிசோதனை இருக்கிறது, வெறும் வயிற்றில் இரத்தம் எடுத்து அனுப்ப வேண்டும். உங்கள் ஊர் ஆய்வுக்கூடத்தில் இல்லை என்றால் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோய் வழி கேளுங்கள். நோய் உறுதியானால் நொதித் தூளை ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டிலும் கலந்து ஆயுள் முழுக்கக் கொடுக்க வேண்டியிருக்கும். கூடவே பி12 ஊசி. கொடுக்கத் தொடங்கிச் சில வாரத்திலேயே வித்தியாசம் தெரியும். செலவு கொஞ்சம் அதிகம்தான், மறைப்பதற்கில்லை. இதற்கு நடுவே யாராவது "ஸ்டீராய்டு ஊசி போட்டால் சதை பிடிக்கும்" என்று சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஸ்டீராய்டு பசியைத் தூண்டும், வயிற்றைத் தொங்கவிடும், தசையைக் கரைக்கும். பார்ப்பதற்குத் தேறியதுபோல் இருக்கும், அவ்வளவுதான்.

நெய், நல்லெண்ணெய், பச்சை முட்டை, பயில்வான்கள் குடிக்கிற புரதப் பொடி. இவற்றில் எது நாயைச் சீக்கிரம் குண்டாக்கும்? ரசஞ்சாதம் போடலாமா?
— வாசகர், திருத்துறைப்பூண்டி

நெய் ஒரு தேக்கரண்டிக்கு 45 கலோரி. அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் எல்லோரும் கரண்டி கரண்டியாக ஊற்றுகிறார்கள். கொழுப்பு திடீரென்று கூடினால் சில நாய்களுக்குக் கணையம் வீங்கிவிடும். முன்னங்காலை நீட்டிப் படுத்து, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, வயிற்று வலியில் நாய் கும்பிடுவதுபோல் நிற்கும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மறுநாள் வீட்டு வாசலில் இந்தக் கும்பிடை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆட்டுக் கொழுப்பை வெட்டிப் போடுவதும் இதே கணக்கில்தான் சேரும். நல்லெண்ணெயோ நெய்யோ, நடுத்தர நாய்க்கு நாளைக்கு ஒரு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம்.

முட்டையை வேகவைத்துக் கொடுங்கள். பச்சை வெள்ளைக்கருவைத் தினமும் கொடுத்தால் பயோட்டின் என்ற வைட்டமினை உடம்பில் சேரவிடாது.

புரதப் பொடி வேண்டவே வேண்டாம். சில பொடிகளில் சைலிட்டால் என்ற இனிப்பு சேர்த்திருப்பார்கள். மனிதனுக்கு ஒன்றும் செய்யாத அது, நாய்க்குச் சிறிதளவிலேயே இரத்தச் சர்க்கரையை வீழ்த்தி ஈரலைக் கெடுக்கும்.

ரசஞ்சாதத்தில் மூன்று வம்பு இருக்கிறது. பூண்டும் வெங்காயமும் நாயின் சிவப்பணுவை உடைக்கும். வேகவைத்தாலும், காய்ந்தாலும், பொடியானாலும் அதே குணம்தான். சாம்பாரில் மிதக்கும் சின்ன வெங்காயத்தை ஒதுக்கிவிட்டுக் குழம்பை மட்டும் ஊற்றினாலும் பயனில்லை, சாறு அதில் இறங்கியிருக்கும். மூன்றாவது புளி. திராட்சை தின்ற நாய்க்குச் சிறுநீரகம் செயலிழப்பது வெகுநாளாகத் தெரிந்த விஷயம். அதற்குக் காரணம் திராட்சையிலுள்ள டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று அண்மை ஆண்டுகளில் ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். அதே அமிலம் புளியில் ஏராளம். ஆகவே புளிக்குழம்பு, ரசம், புளியோதரை, உலர்திராட்சை மிதக்கும் பாயசம் எதையும் நாய்க்கு வைக்காதீர்கள். "எங்கள் தாத்தா காலத்து நாய் இதையெல்லாம் தின்றுதான் வளர்ந்தது" என்று அடுத்த கடிதம் வரும், தெரியும். தாத்தா காலத்து நாய் எத்தனை வயதில் எதனால் செத்தது என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

கருவாட்டுத் தலையும் வேண்டாம். உப்பு.

மண்டபத்துக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கிறேன். கல்யாணம் முடிந்ததும் மீந்த பிரியாணியையும் இலைச் சாப்பாட்டையும் அங்கே சுற்றும் நாய்களுக்குப் போடுகிறேன். முகூர்த்த நாளில் வயிறு புடைக்கத் தின்கின்றன, ஆனால் ஒன்றுகூடத் தேறவில்லையே?
— வாசகர், மயிலாடுதுறை

முகூர்த்த நாளில் விருந்து, மற்ற நாளில் பட்டினி என்றால் எந்த உடம்பு தேறும்? விருந்துக்கு அடுத்த நாள் பேதி, அதோடு தின்றதும் போயிற்று. பிரியாணியில் வெங்காயம், பூண்டு, டால்டா, காரம் எல்லாம் இருக்கிறது. அதோடு வெந்த கோழி எலும்பும் இருக்கிறது. பச்சை எலும்பு வளையும், வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும்.

நீங்கள் மனசு வைத்தால் செய்ய முடிகிற காரியம் ஒன்று உண்டு. மண்டபத்துச் சமையல்காரரிடம் சொல்லி, குழம்பு ஊற்றாத வெறும் சோற்றைத் தனிப் பாத்திரத்தில் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். வீட்டில் இரண்டு முட்டையை வேகவைத்துப் பிசைந்து கலந்து, முகூர்த்தமோ இல்லையோ, தினமும் ஒரே நேரத்தில் அளவாக வையுங்கள். நாய்கள் நேரத்துக்கு வரப் பழகிவிட்டால் பிடித்து வெறிநாய்த் தடுப்பூசி போடவும் வசதியாக இருக்கும்.

குட்டிக்கு இரண்டு மாதம் ஆகிறது. வயிறு மட்டும் பானைபோல் இருக்கிறது, கை காலெல்லாம் குச்சி. மலம் சில நாளாகத் தார்போலக் கறுப்பாகப் போகிறது. எங்கள் பேத்தி அதோடுதான் மணலில் விளையாடுகிறாள்.
— ஒரு பாட்டி, நாகப்பட்டினம்

இந்தக் கடிதத்துக்குத் தபாலில் தனியாகவும் பதில் போட்டுவிட்டேன், ஏனென்றால் இதழ் வரும்வரை காத்திருக்கக் கூடாத விஷயம். தார்போன்ற மலம் என்றால் குடலில் இரத்தம் கசிகிறது. கொக்கிப்புழு குடல் சுவரைக் கவ்வி இரத்தம் உறிஞ்சும். சின்னக் குட்டியைச் சில நாளிலேயே வெளுக்க வைத்துச் சாகடிக்கும். தாய்ப்பால் வழியாகவே அது குட்டிக்கு வந்துவிடும், மண்ணிலிருந்து தோலைத் துளைத்தும் ஏறும். நம்முடைய ஈரமான மணல் அதற்குச் சொர்க்கம்.

குட்டிக்கு முதல் புழு மருந்து பிறந்த இரண்டாவது வாரத்திலேயே. பிறகு இரண்டு மாதம் முடியும்வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை, அதற்குப் பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. எடைக்குத் தகுந்த அளவில் டாக்டர் கொடுப்பதுதான் மருந்து. மாட்டுக்கு வாங்கிய புட்டியிலிருந்து மூடி அளவு ஊற்றுவது மருந்தில்லை.

பேத்திக்குச் செருப்புப் போடுங்கள். நாயின் கொக்கிப்புழு மனிதத் தோலுக்குள்ளும் நுழைந்து, சிவந்த கோடாக நெளிந்து ஊர்ந்து அரிக்கும். குட்டியின் மலத்தை அன்றன்றே அள்ளிக் குழியில் மூடுங்கள்.

வைக்கோல் போருக்குள் ஒரு தெருநாய் ஏழு குட்டி போட்டிருக்கிறது. குட்டிகள் கொழுகொழுவென்று இருக்கின்றன, தாய் எலும்பாகிவிட்டது. நோயா?
— வாசகி, நீடாமங்கலம்

நோயாக இருக்க வேண்டியதில்லை. ஏழு வாய் குடிக்கிறது. குட்டிகளுக்கு மூன்று நான்கு வாரம் ஆகும்போது பால் சுரப்பு உச்சத்தில் இருக்கும், அப்போது தாய்க்கு வழக்கத்தைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு தீனி தேவை. இந்த ஒரு நாய்க்கு மட்டும் அளவு பார்க்காதீர்கள். நாளைக்கு நான்கு வேளை, முட்டை, கோழி, மீன், சோறு என்று தின்னத் தின்ன வையுங்கள். கடையில் விற்கும் குட்டிகளுக்கான உலர்தீனியைத் தண்ணீரில் ஊறவைத்துத் தாய்க்கும் போடலாம், கலோரியும் சுண்ணாம்பும் அதில் கூடுதல். தண்ணீர்ச் சட்டி காலியாகவே கூடாது.

நாய் திடீரென்று நடுங்கி, விறைத்து, மூச்சிரைத்தால் கால்சியம் இறங்கிவிட்டது என்று பொருள். மணி பார்க்காமல் டாக்டரிடம் ஓடுங்கள், ஊசி போட்டால் பிழைத்துவிடும். நான்காம் வாரத்திலிருந்து குட்டிகளுக்குக் குழைந்த சோறு காட்டத் தொடங்கினால் தாயின் பாரம் குறையும். எட்டு வாரத்தில் பால் மறந்த பிறகு கருத்தடைக்கு ஏற்பாடு செய்யுங்கள், இல்லையென்றால் அடுத்த அறுவடைக்கும் இதே கடிதம் எழுதுவீர்கள்.

வயல்காவல் நாய். ஆறு வயது. இரண்டு மாதமாகச் சாப்பாட்டில் நாட்டமில்லை, இளைத்துவிட்டது. போன வாரம் மூக்கிலிருந்து இரத்தம் வந்தது, தானாக நின்றுவிட்டது. பசி எடுக்க டானிக் எழுதுங்கள்.
— விவசாயி, மன்னார்குடி

டானிக் எழுத மாட்டேன், ஐயா. தானாக நின்ற மூக்கு இரத்தம்தான் என்னைப் பயமுறுத்துகிறது. உண்ணி மூலம் பரவும் எர்லிக்கியா கிருமி இரத்தத் தட்டணுவைக் குறைத்துவிடும். அதனால்தான் இந்த ஒழுக்கு. காது மடலின் உள்ளேயும் கால் விரல் இடுக்கிலும் பாருங்கள். கொத்தமல்லி விதை அளவில் ஒட்டியிருக்கும். இப்போது உண்ணி இல்லாவிட்டாலும் காய்ச்சல் இல்லை என்று ஆகிவிடாது. அது கடித்துவிட்டுப் போய் மாதக்கணக்கான பிறகும் நோய் வெளிப்படும். இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். எர்லிக்கியா என்று தெரிந்தால் ஏறக்குறைய நான்கு வாரம் மாத்திரை. பத்து நாளில் நாய் துள்ளத் தொடங்கும், அதோடு நிறுத்திவிடாதீர்கள். இதற்கு நடுவே வலி மாத்திரை என்று மனிதர்களுக்கான எதையும் கொடுத்துவிட வேண்டாம்.

வயல் நாய் என்பதால் இன்னொன்றையும் டாக்டரிடம் சொல்லுங்கள். எலிச் சிறுநீர் கலந்த வயல் தண்ணீரில் லெப்டோஸ்பைரா கிருமி இருக்கும். கண்ணும் ஈறும் மஞ்சளாக இருக்கிறதா என்று அவர் பார்ப்பார். அது உங்களுக்கும் தொற்றும். நாயின் சிறுநீரை வெறும் கையால் கழுவாதீர்கள்.

பன்னிரண்டு வயது பொமரேனியன். சாப்பிடுகிறாள், ஆனால் கரைந்துகொண்டே வருகிறாள். தண்ணீர் மட்டும் குடம் குடமாகக் குடிக்கிறாள். வயதானால் இப்படித்தானா?
— வாசகி, தஞ்சாவூர்

வயதானால் நடை தளரும், காது மந்தமாகும். சாப்பிட்டும் இளைப்பது வயதின் வேலையில்லை. தாகமும் சேர்ந்திருப்பதால் சர்க்கரை நோயா, சிறுநீரகமா என்று முதலில் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் தீனி நேர் எதிர் என்பதால், தெரியாமல் புரதத்தைக் கூட்டி வைத்துவிடாதீர்கள். வாயையும் திறந்து பாருங்கள். பொமரேனியனுக்குப் பல்லில் காரை கட்டி ஈறு அழுகுவது சகஜம், அந்த வலியில் மென்று தின்ன மாட்டாமல் பாதியைக் கீழே விடும்.

காலையில் முதல் சிறுநீரை, கழுவிக் காயவைத்த ஒரு சின்னப் புட்டியில் பிடியுங்கள். வாசலில் அவள் உட்காரும் நேரம் பார்த்து, நீளக் கரண்டி ஒன்றை அடியில் நீட்டினால் வேலை சுலபம். இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவமனையில் கொடுத்துவிடுங்கள், அன்றே இரத்தமும் எடுத்துவிடுவார்கள். அறிக்கை கைக்கு வந்ததும், அவளுடைய எடையையும் ஒரு நாளில் குடிக்கிற தண்ணீரின் அளவையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள். தீனிப் பட்டியலை அதன் பிறகு போடுவோம்.